நதிக்கரை ஊரும் நம் மாடியறையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பழைய நதிக்கரை நகரங்கள் புத்துயிர் பெறுவது குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டுவதில்லை. ஹௌராவில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்ரீராம்பூர் வந்துவிடும். நம்மில் பலர் அவ்வூரைக் கடந்து சென்றிருப்போமேயன்றி இறங்கியிருக்க மாட்டோம். நாங்கள் சிலர் சென்ற குளிர்காலத்தில்தான் இறங்கினோம்.

ஹூக்ளியின் மேற்குக் கரையிலுள்ள அவ்வூர் 1755 முதல் 1845 வரை டென்மார்க் நாட்டாரிடம் இருந்தது. தமிழராகிய நமக்கு இக்கதை அயலன்று. 1620இல் நம் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்களும் அவர்களே. 1845இல் இரண்டு ஊர்களையும் சேர்த்தே ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டனர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். ஸ்ரீராம்பூரில் வில்லியம் கேரியும் நண்பர்களும் 1800இல் அச்சகம் கண்டு, 1818இல் கல்லூரியும் நிறுவினர். உடன்பிறந்த ஊர்கள் என்றே சொல்லலாம்.

பின்னர் சணல் வந்தது. அடுத்துள்ள ரிஷ்ராவில் 1855இல் நாட்டின் முதல் சணல் ஆலை எழுந்தது. கரை நெடுகப் புகைபோக்கிகள் நின்றன. 1947இல் நாடு பிரிந்தபோதோ ஆலைகள் இப்புறமும், சணல் விளையும் வயல்களில் பெரும்பகுதி அப்புறமுமாயின. அத்தொழில் பழைய நிலைக்கு மீளவேயில்லை.

அவ்வூரில் 1786ஆம் ஆண்டைச் சேர்ந்த டேனிஷ் விடுதியொன்று இடிந்து கிடந்தது. மேற்கு வங்க மரபுரிமை ஆணையமும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் கூடி அதனைச் செப்பனிட்டன. 2018இல் அது திறக்கப்பட்டது. எங்களை மகிழ்வித்தது அதன் தூண்களின் அழகன்று. அதனைக் காட்சிப்பொருளாக்கிப் பூட்டி வைக்காமல், மீண்டும் விடுதியாகவே நடத்துகின்றனர். ஆற்றங்கரைக் கட்டடத்துக்குள் தேநீர் அருந்தும் குடும்பங்களைக் கண்டோம். கட்டடத்துக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆயினும் ஒரு விடுதி ஓர் ஊரைக் காப்பாற்றிவிடாது. ஆலை வேலை இழந்தவனுக்கு வெள்ளையடித்த சுவர் சோறு போடாது.

கல்கத்தாவின் கதையும் இதனினும் வேறன்று. தலைநகரம் டெல்லிக்கு மாறும் என்ற அறிவிப்பு 1911இல் வந்தது. ஆறு மணல் மேடிட்டுப் பெருங்கப்பல்கள் வர இயலாமற் போயிற்று. அதனைத் தீர்க்கவே 1975இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியது. 1950களில் வந்த சரக்குக் கட்டணச் சமன்பாடு 1990களின் தொடக்கம் வரை நீடித்தது. இரும்பும் எஃகும் நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைத்தமையால், சுரங்கத்துக்கு அருகிலிருந்த இப்பகுதியின் அனுகூலம் மங்கியது. கம்பெனிகளின் தலைமை அலுவலகங்கள் ஒவ்வொன்றாகப் பம்பாய்க்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தன.

டல்ஹௌசி சதுக்கத்துக் கம்பெனிகளில் சுருக்கெழுத்தராகவும் கணக்கராகவும் அமர்ந்த நம் முன்னோர்தாமே லேக் மார்க்கெட்டைத் தமிழர் தெருவாக்கினர்! வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, மல்லிகைச் சரம் என்று கேட்டால் வங்காளி வியாபாரி தமிழிலேயே விலை சொல்லிய தெரு இது. பழைய அங்காடி நின்ற இடத்தில் இன்று பல மாடிக் கட்டடம் நிற்கிறது. நம் பிள்ளைகள் பெங்களூருவிலும் சென்னையிலும் இருக்கின்றனர். இம்மண்டபத்தின் முன்வரிசைகள் நரைத்திருக்கின்றன. பின்வரிசைகளைத் திரும்பிப் பார்க்க வேண்டாம், வருத்தமே மிஞ்சும்.

நதியையும் கட்டணக் கொள்கையையும் திருத்துவது நம் கையில் இல்லை. நம் சங்கத்து மாடியறை நம் கையில் இருக்கிறது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அது பூட்டியே கிடக்கிறது. ஸ்ரீராம்பூர் விடுதிக்குச் செய்ததை நாம் அவ்வறைக்குச் செய்யலாகாதா? நம் தாய்மார் பலர் வீட்டிலேயே அப்பளமும் பொடிவகைகளும் செய்து விற்கின்றனர். அவர்கள் மாலையில் அங்கே சிற்றுண்டி நடத்தட்டும். வருமானம் அவர்களுக்கே. ஒரு மூலையில் நம் நூலக அலமாரி இருக்கட்டும். வங்காள அண்டையாரும் வரட்டும். தமிழ் கற்க விரும்புவோர்க்கு அங்கேயே வகுப்பு வைப்போம்.

மேற்கூரை ஓரிடத்தில் ஒழுகுகிறது. முதலில் அதனைச் செப்பனிட வேண்டும். சமையலுக்கு உடன்படுவோரும், கூரைக்குப் பொருள் தருவோரும் இன்று விருந்து முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். எங்கள் வீட்டார் பெயர் ஏற்கெனவே அப்பட்டியலில் இருக்கிறது.