அடுக்களையில் ஓர் அழைத்தல்

தேவ அழைத்தல் என்றவுடன் குருவானவரின் அங்கியும் கன்னியரின் முக்காடுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. வயலிலும் கந்தோரிலும் அடுப்பங்கரையிலும் பொழுதைக் கழிப்போர், அது தமக்குரியதன்று என்று ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஆராய, பதினேழாம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரத்து மடமொன்றிற் சமையல் செய்த ஒருவரின் வாழ்க்கையை நோக்குதல் தகும்.

அவர் இயற்பெயர் நிக்கொலாஸ் எர்மான். லொறேன் பிரதேசத்தில் 1614ஆம் ஆண்டளவிற் பிறந்தவர், கல்வி சொற்பம். பதினெட்டாம் வயதில், பனிக்காலத்தில் இலையுதிர்த்து நின்ற மரமொன்றைக் கண்டு, அது மீண்டும் தளிர்த்துப் பூத்துக் காய்க்குமென நினைந்தபோது, இறைவனின் வல்லமை அவர் உள்ளத்திற் பதிந்தது. ஆயினும் அன்றே அவர் துறவியாகிவிடவில்லை. முப்பதாண்டுப் போரிற் படைவீரராயிருந்து காயமுற்றார். காலூனத்தோடு எஞ்சிய நாளெல்லாம் நடந்தார். பின்னர்ச் செல்வரொருவரின் வீட்டில் ஏவலாளானார். கைபட்ட பொருளெல்லாம் உடையுமாம். அதனை அவரே ஒளிக்காமற் சொல்லியிருக்கிறார்.

1640ஆம் ஆண்டு கார்மேல் சபையின் மடத்திற் குருப்பட்டம் பெறாத பொதுநிலைச் சகோதரராகச் சேர்ந்து, லோறன்ஸ் என்னும் பெயர் பெற்றார். தம் குறைகளுக்காக அங்கே கடுமையாக வருத்தப்படுவார் என்றும், அவ்வருத்தத்தையே காணிக்கையாக்கலாம் என்றும் எண்ணிச் சென்றார். கிடைத்ததோ அடுக்களை. அவர் இயல்பாகவே மிக வெறுத்த வேலை அது.

இவ்விடத்திற் சற்று நிற்றல் வேண்டும். விருப்பமே அழைத்தலின் அடையாளம் என்பது இக்காலத்தார் பலரின் கொள்கை. பிடித்த தொழில் கிடைத்தால் இறைவன் அழைத்தார் என்பர். கிடையாவிடில் அவர் மறந்துவிட்டார் என்பர். லோறன்ஸ் அடுக்களையை விரும்பவுமில்லை, விரும்புவதாக நடிக்கவுமில்லை. பதினைந்து ஆண்டளவாக அங்கே உழைத்தார். சட்டியில் முட்டை அடையைப் புரட்டிப் போடுவதையும், தரையிற் கிடந்த துரும்பொன்றை எடுப்பதையும் இறைவன்மீதுள்ள அன்பின்பொருட்டுச் செய்தார். செபவேளையில் இறைவனோடு கூடியிருந்தது போலவே பாத்திரங்களின் ஓசைக்கிடையிலும் கூடியிருக்கக் கற்றார். கற்றார் என்பதே சரி. அது ஒரே நாளில் வந்ததன்று.

அவ்வாண்டுகளில் வெளியே தெரியாத போராட்டமொன்றும் நடந்தது. தாம் நித்திய தண்டனைக்கே உரியவர் என்னும் எண்ணம் நான்கு ஆண்டுகளாக அவரை வாட்டிற்று. எவர் தேற்றியும் அது நீங்கவில்லை. முடிவில், தமக்கு மோட்சமோ நரகமோ எது வாய்ப்பினும், உயிருள்ளவரை இறைவனுக்காகவே வேலை செய்வது என்று துணிந்தார். பலனைப் பேரம் பேசாத இத்துணிவிலேதான் அவருடைய தாழ்மை விளங்குகின்றது. குனிந்த தலையும் மெல்லிய குரலும் எவருக்கும் எளிதில் வரும்.

லோறன்சின் கதையை ஊழியரை அடக்குதற்குப் பயன்படுத்தும் எசமானரும் உளர். அது முறையன்று. அவர் தாழ்மையைத் தமக்கே விதித்தார். பிறர் முதுகில் ஏற்றவில்லை.

மடத்திற்குத் திராட்சை இரசம் வாங்கிவருமாறு ஒருமுறை அவரைப் பேர்கண்டிக்கு அனுப்பினர். வாணிபம் அறியாதவர், காலூனத்தாற் படகிலே பீப்பாய்களின்மேல் உருண்டே நகர வேண்டியிருந்தது. இது உம்முடைய வேலை என்று இறைவனிடம் ஒப்புவித்துவிட்டுப் போனார். காரியமும் நன்றாகவே முடிந்தது. தவறு நேர்ந்தவிடத்தோ, தம்மைத் தனியே விட்டால் இப்படித்தான் ஆகும் என்று இறைவனிடம் ஒப்புக்கொண்டு, அதனை மேலும் கிளறாமல் அடுத்த வேலைக்குத் திரும்பினார். குற்றவுணர்ச்சியை நாட்கணக்காகச் சுமந்து திரிவோர் இதனை ஊன்றி நோக்குதல் நலம்.

பிற்காலத்தில் மடத்தாருக்குப் பாதரட்சை தைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அதையும் ஏற்றார். யோசேப்பு தெ போபோர் என்னும் குருவானவர் 1666ஆம் ஆண்டு முதலாக அவரைச் சந்தித்து, உரையாடல்களைக் குறித்துவைத்தார். லோறன்ஸ் 1691ஆம் ஆண்டு காலமானார். அடுத்த ஆண்டிலேயே அவருடைய கடிதங்கள் போபோரின் முயற்சியால் அச்சேறின. அவற்றுள் ஒன்றிலே, தாம் இறைவனின் சந்நிதியை எவ்வாறு கண்டார் என்பதை எழுதுவதற்கு முன், அக்கடிதத்தை வேறெவருக்கும் காட்டலாகாது என்று அவர் வேண்டியிருக்கிறார்.