ஓ.பி. சீட்டில் ஓர் இருமல் டானிக்

மாசி, பங்குனி வந்தால் தர்மபுரி மாவட்டத்தில் புளிக்காலம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து புளி தட்டுவார்கள். ஓடு நொறுங்கித் தூசு பறக்கும். அப்படிப் புளி தட்டும் அம்மா ஒருவர், வயது ஐம்பதைத் தாண்டியவர், ஒருநாள் அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்து கொடுக்கும் ஜன்னல் முன் நின்றார். இருமல் வந்து நான்கு மாதம். கையில் ஓ.பி. சீட்டு, சீட்டில் இருமல் டானிக். மூன்று பாட்டில் ஏற்கெனவே குடித்தாயிற்று. "புளித்தூசுதானுங்க" என்று காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த மருந்தாளுநர் பாட்டிலை எடுக்கவில்லை. "பையில இருக்கிறதை எல்லாம் எடுத்து வைங்கம்மா" என்றார். மஞ்சள் பையிலிருந்து கழுவிய காலிப் பாட்டில்கள் வந்தன. எண்ணெய் ஊற்றிவைக்க ஆகுமே என்று சேர்த்துவைத்தவை. பிறகு வெற்றிலைச் சுருள், பஸ் டிக்கெட், அடியில் கசங்கிய ஒரு மாத்திரை அட்டை. எனாலபிரில். பி.பி. மாத்திரை. ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறார்.

நல்ல மாத்திரைதான். ரத்தக் கொதிப்பை இறக்கும், இதயத்தையும் காக்கும். ஆனால் அது வேலை செய்யும் வழியிலேயே பிராடிகைனின் என்ற பொருள் உடலில் கரையாமல் தங்கி, சிலருக்குத் தொண்டையை அரித்துக்கொண்டே இருக்கும். நூறு பேரில் ஐந்து முதல் இருபது பேருக்கு இந்த வறட்டு இருமல் வரலாம். பெண்களுக்குச் சற்று அதிகம். டானிக்கைக் குடம் குடமாய்க் குடித்தாலும் நிற்காது. மருத்துவர் லோசார்டன் மாத்திரைக்கு மாற்றினார். மூன்று வாரத்தில் இருமல் ஓய்ந்தது. புளித்தூசு அப்படியேதான் பறந்தது.

(நேயர்களே, இதைக் கேட்டுவிட்டு யாரும் தானாக பி.பி. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாற்றுவது மருத்துவர் வேலை.)

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். இன்று பி.பி. மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய நன்மை அது. ஆகவேதான், இருமலோடு வரும் பெரியவரிடம் "வேறென்ன மாத்திரை சாப்பிடறீங்க" என்ற கேள்வி முன்பைவிட இப்போது அவசியமாகிறது.

பெரியவர்களுக்கு எழுதப்படும் இருமல் மருந்து காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. 1898-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெராயினையே இருமல் மருந்தாக விற்றது. அடுத்து நீண்ட காலம் கோடீன். போதைக்காக அந்த டானிக்கைத் தேடிக் குடிப்பவர்கள் பெருகியதால் நம் நாட்டில் அதன் மீது பிடி இறுகியது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் பரவியது, அதனோடு பெரும்பாலும் குளோர்ஃபெனிரமின் சேரும், தூக்கம் வரும். தொப்பூர் கணவாயில் லாரி இறக்கும் ஓட்டுநர் அதைக் குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடித்தால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பிறகு வந்தது கூட்டு மருந்து. சளியை வெளியே தள்ளும் மருந்தும், இருமலை அடக்கும் மருந்தும் ஒரே பாட்டிலில். தள்ளு என்கிறது ஒன்று, இருமாதே என்கிறது மற்றொன்று. 2023 ஜூனில் மத்திய அரசு தடைசெய்த 14 கூட்டு மருந்துகளில் பெரும்பாலானவை இருமல், சளி மருந்துகளே.

இப்போது சீட்டில் அடிக்கடி தென்படுவது லெவோசால்பியூட்டமால், அம்ப்ராக்சால், குவைஃபெனசின் மூன்றும் சேர்ந்தது. முதல் மருந்து சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும். வீசிங் இருப்பவருக்கு அது சரி. இல்லாதவருக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான்.

அந்த அம்ப்ராக்சால் என்ற பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். அதன் பூர்வீகம் நம் வேலியோரம் இருக்கிறது.

பென்னாகரம் போகும் வழியில் வேலி ஓரங்களில் கரும்பச்சையாய், நீண்ட இலையும் வெள்ளைப் பூவுமாய் நிற்கும் செடியைப் பார்த்திருப்பீர்கள். மற்றதையெல்லாம் மொட்டையடிக்கும் ஆடு அதில் வாய் வைக்காது. கசப்பு அப்படி. ஆடாதோடை. நான்கு இலையைக் கிள்ளி, மிளகு தட்டிப் போட்டு, நாலு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக வற்றவைத்துக் கொடுப்பது நம் பாட்டிமார் கண்ட வைத்தியம். பாடாத நாவும் பாடும் என்று பெயரெடுத்த இலை. 1753-ல் லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் பெயர் பட்டியல் போட்டபோது இதற்கு வைத்த லத்தீன் பெயரிலும் 'அதட்டோடா' என்றே இருக்கிறது. ஆடு தொடாத சங்கதி ஐரோப்பாவரை போய்விட்டது.

1880-களில் ஊட்டியில் டேவிட் ஹூப்பர் என்றொரு வேதியியலாளர் இருந்தார். சின்கோனா பட்டையிலிருந்து கொய்னா எடுக்கும் வேலைக்காகச் சென்னை மாகாண அரசு அமர்த்தியவர். மலேரியா மருந்தே கதியென்று இருக்க வேண்டியவர், நாட்டு இலைகளையும் காய்ச்சி வடித்துப் பார்த்தார். 1888-ல் ஆடாதோடை இலையிலிருந்து வாசிசின் என்ற காரப்பொருளைப் பிரித்தெடுத்ததாக எழுதினார். வடமொழியில் இந்தச் செடிக்கு வாசகம் என்று பெயர்; அதிலிருந்து வந்தது வாசிசின். முக்கால் நூற்றாண்டு கழித்து அந்த மூலக்கூறையே மாதிரியாக வைத்து ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் புரோம்ஹெக்சினை உருவாக்கி 1963-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கெட்டிக் கோழையை நீர்க்கவைக்கும் மருந்து. புரோம்ஹெக்சின் உடலுக்குள் போய் மாறும் வடிவம்தான் அம்ப்ராக்சால்.

வேலியிலிருந்து ஊட்டி, ஊட்டியிலிருந்து ஜெர்மனி, அங்கிருந்து தர்மபுரி மெடிக்கல் கடை. நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் கோழை இருந்தால்தானே கோழையைக் கரைக்க முடியும்? வறட்டு இருமல்காரருக்கு அதையே எழுதினால், இலையையும் வீணாக்குகிறோம், அதன் பின்னால் இருக்கும் உழைப்பையும் வீணாக்குகிறோம். இலை நல்லதென்றாலும், கர்ப்பிணிகள் ஆடாதோடைக் கஷாயத்தைத் தவிர்க்க வேண்டும். அது கருப்பையைச் சுருங்கவைக்கும்.

ஒரு கணக்கு. 100 மில்லி பாட்டில், வேளைக்கு 10 மில்லி, நாளைக்கு மூன்று வேளை. மூன்று நாளில் அடி தெரிந்துவிடும். சாதாரணச் சளி இருமல் எத்தனை நாள் இருக்கும்? 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று சராசரியாகப் பதினெட்டு நாள் என்றது. நோயாளிகள் எதிர்பார்ப்பதோ ஏழு முதல் ஒன்பது நாள். பத்தாம் நாள் பொறுமை போய் இன்னொரு கிளினிக், இன்னொரு டானிக், கூடவே அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக். பதினெட்டாம் நாள் இருமல் தானாகப் போகும்; கடைசிப் பாட்டிலுக்குப் பெயர் கிடைக்கும். பெரியவர்களின் திடீர் இருமலுக்குக் கடைச்சரக்கு டானிக்குகள் பலன் தருகின்றன என்றோ தரவில்லை என்றோ சொல்லப் போதிய சான்றில்லை என்பதுதான் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2014-ல் சொன்னது.

அதற்காக எல்லா இருமலையும் பொறுத்துக்கொண்டிருக்கலாமா? கூடாது. நம் நாட்டில் காசநோய் இருக்கிறது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும் என்பது தேசியக் காசநோய்த் திட்டத்தின் விதி. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் மாதக்கணக்கில் இருமலோடு திரும்பும் தம்பிகளே, உங்களைத்தான் சொல்வது. டானிக் குடித்த ஒவ்வொரு வாரமும் பக்கத்தில் படுப்பவருக்கு ஆபத்து. பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம்.

சித்தேரி மலை போன்ற இடங்களில் மருத்துவமனை தூரம். ஆயிரம் பேருக்கும் குறைவான ஊர்களில் உரிமமில்லாத கடையும் இருமல் மருந்து விற்கச் சட்டமே நீண்ட காலம் இடம் தந்திருந்தது. சித்தேரியை அடுத்த சிட்டிலிங்கியில் மருத்துவத் தம்பதி ரெஜி, லலிதா 1993-ல் குடிசையில் தொடங்கிய பழங்குடி மருத்துவப் பணி, ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. வீட்டில் அடுப்பு எப்படிப் புகைகிறது, யார் வேலைக்கு வெளியூர் போனார்கள் என்று ஊர்க்காரிக்குத் தெரியும். பாட்டிலுக்கு அது தெரியாது.

பெரியவருக்கு வாங்கிய பாட்டிலைக் குழந்தைக்கு ஒருபோதும் ஊற்றாதீர்கள். டானிக்கால் குழந்தைகள் பட்டது போதும். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் டானிக்கில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது; 2025 அக்டோபரில் தமிழ்நாட்டு ஆய்வகமே அதைக் கண்டுபிடித்தது. மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். இந்த ஒன்றைப் பற்றியே தனியாக ஒருநாள் பேச வேண்டும்.

நேரம் நெருங்குகிறது. அடுத்த முறை இருமலோடு ஓ.பி.க்குப் போகும்போது, எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு, வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் அந்த அம்மாவைப் போல ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோவீர்கள் என்று நம்பலாம். கேட்காவிட்டாலும் மேசையில் எடுத்து வையுங்கள்.