ஒரு விபத்து, இரண்டு வழக்குகள்

"டிரைவரைக் கோர்ட்டே விடுதலை செய்துவிட்டது, அப்புறம் நஷ்டஈடு எப்படிக் கிடைக்கும்?" விபத்து வழக்குகளைப் பற்றிப் பேசும்போது பலருக்கும் எழுகிற கேள்வி இது. சட்டத்தில் உரிமையியல், குற்றவியல் என இரு வகை உண்டு என்று மாணவர்கள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். திருட்டும் கொலையும் ஒரு பக்கம், சொத்துத் தகராறும் வாடகைப் பாக்கியும் இன்னொரு பக்கம் என்று பட்டியல் போட்டு மனப்பாடமும் செய்கிறார்கள். அந்தப் பட்டியலோடு நின்றுவிட்டால் மேலே சொன்ன கேள்விக்கு விடை கிடைக்காது. ஒரே சம்பவம் இரண்டு பக்கமும் போகலாம். நீதிமன்றத்திடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதே வழக்கின் வகையைத் தீர்மானிக்கிறது.

1980-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த ஒரு வழக்கைப் பாருங்கள். இருட்டிய பிறகு போய்க்கொண்டிருந்த ஒரு தனியார் பேருந்து, தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் மோதியது. பாதிக்கப்பட்டவர்கள் 26 பேர். அவர்களில் 8 பேர் அங்கேயே உயிரிழந்தார்கள். ஓட்டுநர்மீது நடந்த குற்ற வழக்கில், இது கடவுள் செயல் என்று கூறி அவரை விடுவித்தார்கள். ஆனால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சாட்சியங்களைத் தனியாக ஆராய்ந்தது. எதிரே கம்பி தொங்குவதைக் கண்டு பயணிகள் அலறியும் ஓட்டுநர் அதை நோக்கியே வேகமாக ஓட்டினார் என்ற முடிவுக்கு வந்தது. உயர் நீதிமன்றம் அதை ஏற்று, பேருந்தின் உரிமையாளர் இழப்பீடு தர வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரும், ஓட்டுநர் விடுதலையானதைக் காட்டி இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னார். தண்டனைக்குரிய அஜாக்கிரதை வேறு, இழப்பீட்டுக்குப் போதுமான கவனக்குறைவு வேறு என்பது அவர் காட்டிய காரணம்.

அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? குற்ற வழக்கைப் பொதுவாக அரசே நடத்துகிறது. போலீஸார் விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய, அரசு வழக்கறிஞர் வாதாடுகிறார். முடிவில் ஒருவர் சிறைக்குப் போக நேரலாம். அதனால் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். இழப்பீடு கேட்கும்போது பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பமோ மனுப் போடுகிறது. அங்கே இரு தரப்பில் எவர் சொல்வது நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளது என்று பார்த்தால் போதும்.

ஒரே தவறுக்கு இருமுறை தண்டனையா என்று சிலர் கேட்கலாம். ஒரே குற்றத்துக்காக ஒருவரை இருமுறை வழக்காடித் தண்டிப்பதை அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவு தடுக்கிறது. இழப்பீடு தண்டனை ஆகாது. அது இழந்தவருக்குச் சேர வேண்டிய ஈடு. இந்த வழக்கில் பணம் கட்ட வேண்டியவரும் ஓட்டுநர் இல்லை, உரிமையாளர். அப்படியென்றால் குற்ற வழக்கிலும் அளவுகோலைத் தளர்த்தலாமே, தவறு செய்தவர் தப்ப மாட்டாரே என்பது இன்னொரு கேள்வி. அதில் நியாயமான ஆதங்கம் இருக்கிறது. ஆனால் தவறாகக் கொடுக்கச் சொன்ன பணத்தை மேல்முறையீட்டில் திருத்திவிடலாம். நிரபராதி சிறையில் கழித்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியாது. குற்ற வழக்கில் அளவுகோல் கடுமையாக இருப்பது நம் எல்லோருக்கும் பாதுகாப்பு. அந்தக் கடுமையால், விபத்தில் பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காகவே இழப்பீட்டு வழி திறந்திருக்கிறது.

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவுகளின் எண்கள் மாறிவிட்டன. இரு வகை வழக்குகளுக்கும் இடையிலான இந்த அடிப்படை வேறுபாடு மாறவில்லை. எனவே மாணவர்களே, ஒரு வழக்கைப் பற்றிப் படிக்கும்போது மூன்றைப் பாருங்கள்: வழக்குத் தொடுத்தவர் யார், அவர் கேட்பது என்ன, எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும். இதைப் பழகிக்கொண்டால், குற்ற வழக்கு தோற்றுவிட்டதே என்று ஒடுங்கிப்போகிற ஒரு குடும்பத்துக்கு, இழப்பீட்டுக்கான வழி இன்னும் இருக்கிறது என்று உங்களால் எடுத்துச் சொல்ல முடியும்.