நாய்க்குட்டிக்கு ஒரு கால அட்டவணை



'அடியாத மாடு படியாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. பழமொழிகள் முன்னோரின் பட்டறிவிலிருந்து பிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவற்றுள் ஒரு சிலவற்றைக் காலம் திருத்தி எழுதிவிடுகின்றது. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம், பள்ளிப் பிள்ளைகளை உடலால் தண்டிப்பதைத் தடை செய்தது. ஆனால், பள்ளியிலிருந்து விடைபெற்ற பிரம்பு சில இல்லங்களில் இன்னும் ஒளிந்துகொண்டிருக்கின்றது. யாருக்காக என்கிறீர்களா? பகலெல்லாம் தனித்திருந்து, கூடத்தின் நடுவே சிறுநீர் கழித்துவிட்ட நாய்க்குட்டிக்காக! அந்த வாயில்லாச் சீவனின் சார்பில் சில சொற்கள் சொல்லவே வானொலியின் வாயிலாக இன்று உங்களிடம் வந்துள்ளேன்.

நகரத்துக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தந்தைக்கு அலுவலகம், தாய்க்கும் அலுவலகம், பிள்ளைகளுக்குப் பள்ளியும் கல்லூரியும். ஆசைப்பட்டுப் பொமரேனியன் குட்டி ஒன்றை வாங்கி வருகின்றனர். காலை எட்டரை மணிக்கு வீடு பூட்டப்படுகின்றது. மாலை ஐந்தரைக்குத் திறக்கப்படுகின்றது. திறந்தவுடன் கண்ணில் படுவது தரையிலே அசுத்தம். குட்டிக்கு அடி விழுகின்றது. அதன் மூக்கை அந்த ஈரத்திலேயே தேய்ப்பவரும் உண்டு. சில வாரங்கள் இவ்வாறு சென்றபின், 'சொன்னால் கேட்பதில்லை' என்று தெருவில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர் சிலர். இங்கே நான் கேட்கும் வினாக்கள் இரண்டு. கேட்டு நடக்க அதனால் இயலுமா? அதற்கு யாரேனும் முறையாகக் கற்பித்தனரா?

முதல் வினாவுக்கு எளிய கணக்கே விடை கூறும். நாய்க்குட்டி தன் வயதில் மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் சிறுநீரை அடக்கும் என்பது நாய் வளர்ப்போர் கைக்கொள்ளும் பொது அளவு. மூன்று மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். சிறிய இனமாயின் சிறுநீர்ப் பையும் சிறிது. குடும்பத்தார் வீட்டில் இல்லாததோ ஒன்பது மணி நேரம். மூன்றிலிருந்து ஒன்பதைக் கழிக்கச் சொன்னால், 'முடியாது ஐயா' என்று முதல் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். குட்டிக்கு அவ்வாறு சொல்ல வாயில்லை. அதன் விடையைத் தரையிலே எழுதிவைக்கின்றது.

இனி, கற்பித்தலுக்கு வருவோம். நாய்க்குட்டி தூய்மை அறியாத பிராணி அன்று. பிறந்த முதல் வாரங்களில் தாயே அதனை நக்கித் துப்புரவு செய்கின்றது. மூன்று வாரம் கடந்து காலூன்றி நடக்கத் தொடங்கியதும், படுக்கும் இடத்தைவிட்டு விலகிச் சென்று கழிக்க முற்படுகின்றது. எனவே, படுக்குமிடத்தைத் தூய்மையாகக் காக்கும் இயல்பூக்கம் அதனிடம் முன்னமே உள்ளது. வீடு முழுவதும் படுக்குமிடமே என்னும் ஒரே பாடத்தைத்தான் நாம் கற்பித்தல் வேண்டும்.

எந்தப் பாடத்துக்கும் கால அட்டவணை தேவை. உறங்கி எழுந்தவுடன், உண்டு முடித்த கால்மணி அல்லது அரைமணி நேரத்துக்குள், விளையாடி ஓய்ந்தபின், இரவு படுக்கச் செல்லுமுன் ஆகிய வேளைகளில் குட்டியைத் தவறாது ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். உணவு வயிற்றில் சேர்ந்ததும் குடல் அசையத் தொடங்குவது இயற்கை. ஆதலின், குறித்த வேளையில் உணவளித்தால் பெரும்பாலும் குறித்த வேளையில் கழிவும் வெளியேறும். தண்ணீரை மட்டும் குறைக்கலாகாது, அது கொடுமை. தடுப்பூசிகள் முடியும்வரை, பல நாய்கள் நடமாடும் தெரு வேண்டா. கால்நடை மருத்துவர் இசைவளிக்கும்வரை புறக்கடையோ, வெயில் ஏறாத வேளையில் மொட்டைமாடியோ போதுமானது.

அமெரிக்க உளநூல் அறிஞர் தார்ண்டைக், 1898ஆம் ஆண்டில், கூண்டில் அடைத்த பூனைகளைக் கொண்டு தாம் செய்த ஆய்வுகளை வெளியிட்டார். எச்செயலின் பின்னே இன்பம் தொடர்கின்றதோ அச்செயல் வலுப்பெறும் என்பது அவர் கண்ட விளைவு விதி. ஆசிரியப் பயிற்சி பெறுவோர் அனைவரும் பயிலும் விதி இது. குட்டி உரிய இடத்தில் காரியத்தை முடித்த அந்தக் கணத்திலேயே தட்டிக் கொடுங்கள். ஒரு சிறு தின்பண்டமும் கொடுங்கள். வீட்டுக்குள் திரும்பி வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்குப் பரிசு என்றே அது கொள்ளும். கழிக்கும்போது சொல்வதற்கென ஒரு சொல்லைத் தேர்ந்து, குடும்பத்தார் அனைவரும் அதனையே சொல்லுதல் நன்று. நால்வர் நான்கு சொல் சொன்னால் மாணாக்கன் குழம்புவான்.

பகலில் ஆளில்லாத பொழுதுக்கு என்ன செய்வது? நண்பகலில் ஒரு முறை வந்து வெளியே அழைத்துச் செல்லப் பாட்டியோ, பக்கத்து வீட்டாரோ, கூலிக்கு ஓர் ஆளோ கிடைப்பின் மிக நன்று. கிடைக்காவிடில், முழு வீட்டையும் திறந்து விடாமல், காற்றோட்டமுள்ள ஓர் அறையைத் தாருங்கள். ஒரு மூலையில் படுக்கையும் தண்ணீரும் கடித்து விளையாட ஏதேனும் ஒரு பொருளும் இருக்கட்டும். எதிர் மூலையில் பழைய செய்தித்தாள்களைப் பரப்புங்கள். படுக்கையைவிட்டு விலகும் இயல்பே குட்டியைத் தாளிடம் கொண்டுசேர்க்கும். பழகப் பழகத் தாள் பரப்பிய இடத்தைக் குறைத்து வாருங்கள். அடக்கும் ஆற்றல் வளர்ந்தபின் தாளை நீக்கிவிடலாம். இதற்குச் சில வாரங்களும் ஆகலாம். சில மாதங்களும் ஆகலாம்.

'ஆனால், நான் வீட்டுக்குள் நுழைந்தவுடன் அது தலையைத் தாழ்த்திக்கொண்டு திருட்டு முழி முழிக்கின்றதே! செய்தது தவறென்று அதற்குத் தெரியாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நியூயார்க் நகரத்துப் பார்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் என்னும் அம்மையார் இதனை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்டார். தின்பண்டத்தைத் தொடலாகாது என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே செல்வார். திரும்பும்போது, நாய் தின்றதா இல்லையா என்பது அவரிடம் சில வேளை மெய்யாகவும் சில வேளை பொய்யாகவும் சொல்லப்படும். அந்தக் குற்ற முகம், நாய் தின்றதா என்பதைப் பொறுத்து அமையவில்லை. உரிமையாளர் கடிந்தாரா என்பதைப் பொறுத்தே அமைந்தது. ஒன்றும் அறியாத நாயும், கடிந்தபோது அதே முகத்தைக் காட்டியது. நாம் குற்றவுணர்வு என்று படித்தது, உரிமையாளர் கடிந்ததற்கு நாய் காட்டிய எதிர்வினையே.

பதினொரு மணிக்கு நேர்ந்ததற்கு ஐந்தரை மணிக்கு அடித்தால், குட்டி இரண்டையும் இணைத்தறியாது. எசமானர் வரும்போது அடி விழும் என்பதையே கற்கும்; பின்னர், உங்கள் கண்முன் கழிக்க அஞ்சிக் கட்டிலடியைத் தேடும். அதனைக் கண்டால் ஒன்றும் பேசாமல் துடைத்துவிடுங்கள். அம்மோனியா கலந்த நீர்மத்தைத் தவிர்க்க வேண்டும். அதன் வாடை சிறுநீர் வாடையை ஒத்தது. நொதிகள் கலந்த துப்புரவு நீர்மங்கள் அவ்வாடையின் மூலத்தையே சிதைப்பதால் அவையே ஏற்றவை. நன்கு பழகிய நாய் திடீரென்று வீட்டை அசுத்தம் செய்தால், அது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நாயை அடித்துத் துன்புறுத்துவதைக் குற்றம் என்கின்றது. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடமாட விடாதிருப்பதும் அதன்படி குற்றமே. ஆயினும், சட்டத்துக்கு அஞ்சி அன்று, அறிவால் இதனைச் செய்தல் வேண்டும். நாய்க்குட்டி வேண்டுமென்று பெற்றோரிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் நீங்களே. கேட்குமுன், ஒரு தாளில் உங்கள் வீட்டின் கால அட்டவணையை எழுதுங்கள். காலையில் அரைமணி முன்னதாக எழுபவர் யார், நண்பகலில் வருபவர் யார், மாலையில் முதலில் கதவைத் திறப்பவர் யார் என்று பெயர் குறியுங்கள். பெயர்கள் நிரம்பினால் குட்டியை வரவேற்கலாம். நிரம்பாவிடில் காத்திருப்பதே அக்குட்டிக்கு நீங்கள் செய்யும் முதல் நன்மை.