ரேடியோ நெல்லிலிருந்து கைபேசி அரிசி வரை

(பவானிபூரில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

தொழில்நுட்பம் விவசாயத்தையும் உணவையும் எப்படி மாற்றி வருகிறது என்று பேசப் பணித்திருக்கிறார்கள். நான் விவசாயி இல்லை. தாத்தா காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. பட்டா எங்கள் பெயரில், உழைப்பு வேறொருவருடையது. வேலை தேடிக் கல்கத்தா வந்தபின் அந்த உறவும் விட்டுப் போயிற்று. இங்கே அமர்ந்திருக்கும் பலர் வீட்டுக் கதையும் ஏறக்குறைய இதுதான். ஆகவே சாப்பிடுகிறவன் என்கிற ஒரே தகுதியில் பேசுகிறேன்.

இந்த நகரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1943 பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த ஜனங்கள் வீட்டு வாசல்களில் சோறு கேட்கவில்லை. வடித்த கஞ்சியைத்தான் கேட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் வங்காளத்தில் மாண்டவர்கள் சுமார் 30 லட்சம் என்று கணக்கிடுகிறார்கள். யுத்த காலத் தணிக்கையால் செய்தி அமுங்கிக் கிடந்தது. அந்த ஆகஸ்டில் இந்த ஊர் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை துணிந்து புகைப்படங்களைப் பிரசுரித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கும்பகோணத்தில் ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்த இளைஞர், அந்தப் பஞ்சத்தின் பாதிப்பால் மருத்துவப் படிப்பு எண்ணத்தை விட்டு விவசாயம் படிக்கப் போனார். அவர்தான் எம்.எஸ். சுவாமிநாதன். 2023-இல் மறைந்தார்; அடுத்த ஆண்டு பாரத ரத்னா வழங்கப்பட்டது.

பத்திரிகைக்குப் பிறகு வந்தது வானொலி. 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லைத் தந்தது. திருச்சி வானொலி அதை விதைப்பது முதல் உரமிடுவது வரை விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. தஞ்சாவூர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'! செய்தி பயிரை மாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது கைபேசி. 2004-இல் தொடங்கிய கிசான் கால் சென்டரில் விவசாயி தன் மொழியிலேயே சந்தேகம் கேட்கலாம். 2018-இல் தமிழக அரசு உழவன் செயலியைக் கொடுத்தது. வானிலை, சந்தை விலை, மானியம் எல்லாம் கைக்குள் வந்துவிட்டன. இவற்றைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. ரேடியோ பேசியது, விவசாயி கேட்டார். இன்று விவசாயி பேசுகிறார், வயலிலிருந்தே படம் எடுத்து அனுப்புகிறார், நாம் கேட்கிறோம்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் ஜெயராமனை அறிவீர்கள். 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடி மீட்டவர். 2006 முதல் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்ப வேண்டும், அது இன்னொருவருக்குப் போகும். 2018 டிசம்பரில் அவர் காலமானார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருப்புக் கவுனி என்ற பெயர்களை இன்று நம் பேரக் குழந்தைகள்கூடச் சொல்கிறார்கள். அவர் போட்ட விதையை, கைபேசி ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது.

இங்கேதான் ஒரு சங்கடம். செய்தி ஒரு நிமிஷத்தில் பரவுகிறது. நெல்லுக்கு அந்த அவசரம் தெரியாது. ஏ.டி.டி. 27 மூன்றரை மாதப் பயிர். மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்கு மேல். உயரமாக வளர்வதால் காற்றிலும் மழையிலும் சாயும், மகசூலும் குறைவு. ஒரு வீடியோவைப் பார்த்து நாம் எல்லோரும் இன்று ஒரு ரகத்தைக் கேட்போம். அதை நம்பி விவசாயி விதைத்து, அறுத்து, குத்தி முடிப்பதற்குள் நாம் வேறொரு வீடியோவுக்குப் போயிருப்போம். நஷ்டம் யாருக்கு?

இன்னொரு சங்கடம் எங்கள் வீட்டிலேயே நேர்ந்தது. ஒரு சிவப்பு அரிசியைச் சாப்பிட்டால் சர்க்கரை வியாதியே போய்விடும் என்று அத்திம்பேருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. மனிதர் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈசுவர கிருபையால் பிழைத்தார். தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து அதிகம், பட்டை தீட்டிய அரிசியைவிட நல்லது, வாஸ்தவம். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான்; மருந்துக்கு மாற்று இல்லை. "யார் அனுப்பியது?" என்று கேட்டேன். "எனக்கு வந்தது, நான் உனக்கும் அனுப்பினேனே" என்றார். என் கைபேசியில் பார்த்தேன், இருந்தது. நானும் படிக்காமலே நாலு பேருக்குத் தள்ளியிருந்தேன்.

பத்திரிகைக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். ரேடியோவுக்குப் பின்னால் ஆடுதுறை இருந்தது. தப்பென்றால் போய்க் கேட்கலாம். கைபேசிச் செய்திக்குப் பொறுப்பு யார்? அனுப்புகிற நாம்தான். நான் சொல்ல வந்தது இவ்வளவே.

ஆகவே மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, உணவைப் பற்றிய செய்தி எதையும் விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, அரிசி வாங்கும்போது ரகம் என்ன, எந்த ஊர், எப்போது குத்தியது என்று கேளுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் கைக்குத்தல் அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், கொஞ்சமாக வாங்குங்கள். கடைப் பொட்டலத்தில் இயற்கை விளைச்சல் என்று போட்டிருந்தால் அதற்கான அரசு அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, கிளைக்குப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு விவசாயக் குழுவோடு ஓர் ஆண்டுக்குப் பேசிக் கொள்ளுங்கள். விதைக்கும்போதே ஒரு பங்கு பணம் கொடுங்கள். மழை கெடுத்தால் அந்தப் பங்கைத் திருப்பிக் கேட்காதீர்கள். தஞ்சாவூரிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. நாம் பாயசத்துக்கு வாங்கும் கோவிந்தபோக் பர்த்வானில் விளைவது; 2017-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெங்களூர்க் கிளையும் பம்பாய்க் கிளையும் தத்தம் பக்கத்து விவசாயிகளைத் தேடட்டும்.

அன்னத்தைப் பெருக்குவதையே ஒரு விரதமாகத் தைத்திரீய உபநிஷத் சொல்கிறது. இலையில் அமர்ந்ததும் பரிசேஷனம் செய்கிறோம். அந்தச் சோற்றை விளைவித்தவர் பெயர் நம் தாத்தாக்களுக்காவது தெரிந்திருந்தது. நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழி இப்போது சட்டைப் பையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குள் ஒரு விவசாயியின் பெயரையாவது தெரிந்துகொண்டு வாருங்கள். நானும் வருகிறேன்.