ஒரு சாட்சி போதாது



1986ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியை சுனிதி சாலமன் வழிகாட்டச் சேகரித்த இரத்த மாதிரிகளை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார். சில மாதிரிகள் எச்.ஐ.வி. தொற்று உண்டெனக் காட்டின. இந்தியாவில் அதுவே முதன்முறை. ஆயினும் உடனே முடிவு கட்டிவிடவில்லை. அமெரிக்காவில் 'வெஸ்டர்ன் பிளாட்' என்னும் சோதனையும் செய்து உறுதிப்படுத்திக்கொண்டனர்.

இரண்டாம் சோதனை எதற்கு? கிருமி புகுந்தால் நம் உடல் அதற்கெனத் தனி எதிர்ப்பொருள்களை ஆக்கும். முதற்சோதனையாகிய எலிசாவில் கிருமியின் புரதங்கள் கலந்தே கிடக்கும். ஆகவே வேறு காரணத்தால் தோன்றிய எதிர்ப்பொருளும் சில வேளை ஒட்டிக்கொண்டு பொய்ச்சான்று பகரும்.

வெஸ்டர்ன் பிளாட்டிலோ, புரதங்களை மின்னோட்டத்தால் கூழ்ப்படலத்தினூடே ஓடவிடுவர். சிறியவை முந்தும், பெரியவை பின்தங்கும். பிரிந்த வரிசையைச் சவ்வுத்தாளில் ஒற்றியெடுத்து, நோயாளியின் இரத்தத் தெளிநீரில் நனைப்பர். பூட்டுக்கேற்ற சாவிபோல் எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தைப் பற்றும். நொதி இணைத்த மற்றோர் எதிர்ப்பொருள் அதனைப் பற்ற, அவ்விடத்தில் வண்ணக்கோடு தோன்றும். குறித்த புரதங்களுள் இரண்டேனும் கோடு காட்டினாலன்றித் தொற்று உறுதியெனக் கொள்ளலாகாது என்று விதி வகுத்தனர். உயிரணுவிலுள்ள புரதங்களையும் ஆய்வாளர் இம்முறையிலேயே கண்டறிகின்றனர்.

இன்று அரசு நம்பிக்கை மையங்களில் வெவ்வேறு வகைச் சோதனைகள் ஒத்துரைத்த பின்னரே தொற்று உண்டென்கின்றனர். சோதனை இலவசம், மருந்தும் இலவசம், பெயர் வெளிவராது.

இளைஞர்களே! ரிக் வண்டியிலும் லாரியிலும் ஏறி மாதக்கணக்கில் வடநாடு செல்வோர் நம் திருச்செங்கோட்டு வட்டாரத்தில் பலர். அவர்களுள் ஒருவன் மெலிந்து திரும்பினால், ஊர் வாய் சோதனைக்கு முன்பே தீர்ப்பெழுதிவிடுகிறது. அறிவியல் ஒரு சாட்சியை நம்பாதபோது, சாட்சியே இல்லாமல் நாம் தண்டிப்பது எவ்வகை நீதி?

தொற்று உறுதியானாலுமென்ன? உடலுறவு, இரத்தம், தாய்வழி ஆகியவற்றாலன்றித் தொட்டாலோ உடனுண்டாலோ அது பரவாது. தேநீர்க் கடையில் தனிக்குவளை கண்டு நெஞ்சு கொதித்தவர்கள் நாம். நம் வீட்டிலேயே ஒருவனுக்குத் தனிக்குவளை வைக்கலாமா? 2017ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகையோரைப் பணியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஒதுக்குவதைத் தடைசெய்கிறது. சட்டம் நம் அடுப்படிவரை வாராது. அங்கே நம் கல்விதான் வரவேண்டும்.

ஐயமுள்ளவர் தயங்காது சோதித்துக்கொள்க. சோதித்தவரை நாம் அணைத்துக்கொள்வோம்.