செவியில் விழுந்த சொல் எங்கே தங்குகிறது?



பத்து ஆண்டுகளாகச் சொல்லோடு உறவாடி வரும் இந்த அவையில், கேட்போர் மூளையில் சொல் எவ்வாறு உறைகிறது என்பதைப் பற்றிப் பேச விழைகிறேன்.

1861இல் பாரிசு நகரருகே லெபோர்ன் என்னும் நோயாளி மறைந்தார். பிறர் பேச்சைப் பெரும்பாலும் புரிந்துகொண்ட அவரால் 'டான்' என்னும் ஓர் அசையைத் தவிர ஏறக்குறைய வேறெதையும் சொல்ல முடியவில்லை. மருத்துவர் பால் புரோக்கா ஆராய்ந்தபோது மூளையின் இடப்புற முன்மடல் சிதைந்திருந்தது. 1874இல் செருமானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, தடையின்றிப் பேசியும் கேட்ட சொல்லின் பொருள் எட்டாத நோயாளிகளை விவரித்தார். அங்கே சிதைவு இடப்புறப் பொட்டுமடலில். ஒரு சொல்லின் ஒலியும் பொருளும் உச்சரிப்பும் வெவ்வேறிடங்களில் தங்கி, ஒன்றோடொன்று கைகோக்கின்றன என்னும் கருத்து இதிலிருந்து வளர்ந்தது.

அங்ஙனமாயின் கேட்ட சொல்லை எவ்வாறு அறிகிறோம்? 'கவி' என்று ஒலித்தவுடனே கவிஞர், கவிதை, கவிகை எனப் பல சொற்கள் மூளையில் விழித்தெழுகின்றன. அடுத்த ஒலி வந்ததும் பொருந்தாதவை விலகுகின்றன, பொருந்துவது நிற்கிறது. இக்கொள்கையை வகுத்தவர் மார்சுலன் வில்சன். தொடரின் நடுவே வரும் சொல்லை, அது தொடங்கி ஏறத்தாழ 200 மில்லி நொடியில், பலவேளை அது முடியுமுன்பே, கேட்போர் அறிந்துவிடுகின்றனர்.

எதிர்பார்ப்பு அத்துணை வலிமையுடையது. 1970இல் ரிச்சர்டு வாரன் ஓர் ஆங்கிலச் சொல்லின் ஓர் ஒலியை நீக்கி, அவ்விடத்தில் இருமலொலியை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றனர். இல்லாத ஒலியை மூளையே இட்டு நிரப்பியது!

சொல் நாக்கு நுனியில் நின்று வர மறுப்பதை நாம் அறிவோம். 1966இல் பிரவுன், மக்னீல் இருவரும் அந்நிலையை ஆராய்ந்தனர். சொல் வராதபோதும் அதன் முதலெழுத்தையும் அசை எண்ணிக்கையையும் பலர் சரியாகக் கூறினர். பக்கவாதத்தால் சொல்லிழந்தவருக்குப் பேச்சுப் பயிற்சியாளர் முதலொலியை எடுத்துக்கொடுப்பதும், அதைப் பற்றிக்கொண்டு பலர் முழுச்சொல்லையும் மீட்பதும் இன்றும் நிகழ்கின்றன.

நம் மோனை முதலெழுத்தில் அமைவதை இங்கே எண்ணிப் பாருங்கள். முன்னோர் மூளையியல் அறிந்திருந்தனர் என்று நான் பெருமை பேச வரவில்லை. நினைவுக்குக் கைப்பிடி எது என்பதைச் செவியைக் கொண்டே அவர்கள் கண்டிருந்தனர் என்பேன்.

மோனையைத் துறந்த புதுக்கவிதைக்கும் இதில் செய்தியுண்டு. எதிர்பாராத சொல்லை அறிய மூளைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். புதுமையோ எதிர்பாராத சொல்லில்தான் பெரிதும் பிறக்கிறது. கவியரங்கில் அவ்விடத்தை விரைந்து கடந்தால், கவிஞர் அரிதில் தேடிய சொல், கேட்போர் அறியுமுன் அடுத்த சொல்லால் மூடப்பட்டுவிடும். 'மீண்டும் ஒருமுறை' என்று அவை கேட்பது பாராட்டு மட்டுமன்று. தவறிய சொல்லைப் பிடிக்கும் முயற்சியும் ஆகலாம்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. எழுதிய கவிதையை அச்சுக்கு அனுப்புமுன் பிறர் செவிக்கு ஒருமுறை கொடுங்கள். அரிய சொல்லருகே சற்றே நில்லுங்கள். அந்த மௌனமும் கவிதையைச் சேர்ந்ததே.